ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. மேற்கு மாம்பலத்தில் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. வாசலில் ஹால், அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் இன்னோர் அறை, கடைசியில் கார்டு வண்டி போலச் சமையலறை. ஹாலில் அப்பாவின் ஆம்ப். சமையலறை வாசலில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே, மகன் வாங்கி மாட்டிய ஹோம் தியேட்டர். இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டர்.

அப்பாவின் ஆம்ப் கடையில் வாங்கியதல்ல. 1986இல் ஒரு ரேடியோ மெக்கானிக் எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து அசெம்பிள் செய்து கொடுத்தது. முதுகில் டூ என் 3055 டிரான்சிஸ்டர்கள் நான்கு, சம்புட மூடிகளைப் போலப் பளபளவென்று நிற்கும். ஸ்பீக்கர்களுக்கு மரப்பெட்டி கிடையாது, இரண்டு மண்பானைகள். பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் வைத்தால் பேஸ் தூக்கும் என்பது அன்றைய தமிழ்நாட்டின் ஒலியியல். டீக்கடை முதல் கல்யாண வீடு வரை அதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அப்பா போன பிறகு, "இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். அன்று ராத்திரி எனக்கு ரசம் மட்டும்தான்.

தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பானைகளிலிருந்து சூலமங்கலம் சகோதரிகள் கந்த சஷ்டி கவசம் பாடுவார்கள். கேசட் பிளேயர் செத்த பிறகு, உள்ளங்கை அளவில் ஒரு பிளேயர் வந்து சேர்ந்திருந்தது. அம்மா அதைத் தட்டிவிட்டு விளக்கேற்றுவாள். பிறகு பால் பொங்குகிறதா பார்க்கச் சமையலறைக்குப் போவாள். கவசத்தில் வேல் தலையில் தொடங்கி உறுப்பு உறுப்பாகக் காத்துக்கொண்டே கீழே இறங்கி வரும் அல்லவா? அம்மா போகும்போது கண்ணில் இருக்கும் பாட்டு, திரும்பி வரும்போது கழுத்தையோ தோளையோ தாண்டியிருக்கும். முணுமுணுத்தபடியே வந்து பானைக்குப் பக்கத்தில் காதை வைப்பாள். சில நாள் சிரிப்பாள். சில நாள் "ச்சே!" என்பாள்.

மாதக்கணக்கில் இதைப் பார்த்து என் மனம் இளகிவிட்டது. பாவம், வயதான காலத்தில் பாதிப் பாட்டைத் தவறவிடுகிறாளே! இளகிய மனதுக்காரன் கையில் ஸ்க்ரூடிரைவரும் இருந்துவிட்டால் அந்த வீட்டில் எந்தப் பொருளும் பத்திரமில்லை.

சமையலறை ஹோம் தியேட்டரிலும் அதே பாட்டு கேட்க வழி தேடி, எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரப் பையன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "ஒரு பிளேயருக்கு ரெண்டு ஆம்பா, ஒரு ஆம்புக்கு ரெண்டு பிளேயரா?"

"ஒரு பிளேயர், ரெண்டு ஆம்ப்."

"அப்ப பொழச்சீங்க சார். ஒண்ணை ரெண்டாப் பிரிக்கலாம். ரெண்டை வெறும் ஒயர்ல ஒண்ணாச் சேர்க்கக் கூடாது."

என் குடும்ப வரலாறு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்தேன். ஆனால் அவன் சொன்னது மின்சாரம். ஆம்பின் உள்வாயில் பல்லாயிரம் ஓம் தடை இருக்கும். பிளேயரின் வெளிவாயில் சில ஓம்கள்தான். ஆகவே ஆம்ப் என்பது வாசலில் நின்றபடியே ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போகிற விருந்தாளி. ஒருவருக்குப் பதில் இருவர் வந்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாறாக இரண்டு பிளேயர்களை ஒரே கம்பியில் முடிச்சிட்டால் ஒன்று தள்ளுவது மற்றதன் வயிற்றுக்குள் போகும். ஒரே அடுப்பில் இரண்டு மாமியார். சொல்லப்போனால் பிரித்துக் கொடுப்பது ஒன்றும் புதிய யோசனையும் அல்ல. 1979இல் வந்த முதல் சோனி வாக்மேனிலேயே இருவர் கேட்க இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன. பின்னால் வந்த மாடல்களில் ஒன்றை அடைத்துவிட்டார்கள். மனித சுபாவம் புரிந்துவிட்டது போலும்.

ஒரு பக்கம் ஹெட்ஃபோன் பின், மறுபக்கம் இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் ஒன்று, பன்னிரண்டு மீட்டர் நீட்டிப்பு ஒயர் ஒன்று. சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் மாட்டி, இரண்டு ஆம்புகளையும் போட்டேன்.

"உம்ம்ம்ம்ம்."

"யார் வீட்ல கிரைண்டர் ஓடுது?" என்றாள் அம்மா. சூலமங்கலம் சகோதரிகள் பாடத்தான் செய்தார்கள், ஆனால் ஒரு மாவு மில்லுக்குள் நின்று. என் மனைவி பத்து வருடம் பாட்டு கற்றவள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "இது அஞ்சு கட்டையும் இல்ல, அஞ்சரையும் இல்ல. நடுவுல நிக்குது. சத்தத்தைக்கூட மன்னிச்சிடலாங்க, இந்த அபஸ்வரத்தை மன்னிக்க முடியாது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது அட்சரசுத்தம். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அதிரும். அதன் இரட்டிப்புகள் 100, 200, 400. ஐந்து கட்டைச் சுருதி 392 அதிர்வு, ஐந்தரை 415. இரண்டுக்கும் இடையில், எந்தச் சுருதிப் பெட்டியிலும் இல்லாத சந்தில், மின்வாரியம் தம்புரா மீட்டிக்கொண்டிருந்தது.

காரணம் எர்த். ஹால் ஆம்ப் ஒரு பிளக்கில், ஹோம் தியேட்டர் வேறொரு பிளக்கில். இரண்டும் மூன்று பின். இரண்டு எர்த்துக்கும் இடையே இம்மியளவு மின்னழுத்த வித்தியாசம் எப்போதும் உண்டு. அதுவரை அவை தங்கள் தங்கள் சுவரில் கௌரவமாக இருந்தன. நான் பாட்டு ஒயரைக் கட்டி இரண்டையும் உறவாக்கியதும், வித்தியாசமெல்லாம் அந்த ஒயரின் உறை வழியாகவே ஓட ஆரம்பித்துவிட்டது.

தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "ஒரு பிளக்ல எர்த் பின்னைக் கழட்டிட்டா சத்தம் நின்னுடும் சார்" என்றார். நிற்கும், உண்மைதான். ஆனால் அப்பாவின் ஆம்புக்கு மூன்றாவது பின் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு பின்னோடு இருந்த காலத்தில் அதன் தகரப் பெட்டியைத் தொட்ட என் சித்தப்பா எட்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். முருகன் காப்பார் என்று பாடுகிற பெட்டியே ஷாக் அடித்தால் நன்றாகவா இருக்கும்? எலக்ட்ரீஷியனை ஒரு காபியோடு அனுப்பிவிட்டு மறுபடியும் ரிச்சி தெரு.

இந்த முறை கிடைத்தது தீப்பெட்டி அளவு டப்பா. பெயர் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக் கம்பி அந்தப் பக்கத்தைத் தொடாது. பாட்டு மட்டும் காந்தப்புலமாகத் தாண்டிப் போய்விடும். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் ஒரே பந்தலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமே, அந்த ஏற்பாடு. மாட்டினேன். மாவு மில் மூடிவிட்டது.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நடையில் கிடந்த ஒயர், வேலைக்கு வரும் பெண்ணின் கொலுசில் சிக்கி, பிளேயர் மேஜையிலிருந்து குதித்தது. "இந்தக் காலத்துல யாருப்பா ஒயர் இழுக்கறாங்க?" என்று மகன் ஒரு ப்ளூடூத் சாதனத்தைக் கொண்டுவந்து சமையலறைப் பக்கத்தைக் கம்பியில்லாமல் இணைத்தான். மறுநாள் காலை சூலமங்கலம் சகோதரிகள் நால்வராகிவிட்டார்கள். ஹாலில் இருவர் பாட, சமையலறையில் இருவர் பின்பாட்டு.

ப்ளூடூத் பாட்டைச் சுருட்டி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்துப் பாடுவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒலி 68 மீட்டர் போய்விடும். அதாவது மகன் என் சமையலறையைப் பெயர்த்து அடுத்த தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துவிட்டான். ஆடி மாதம் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் ஒரே அறிவிப்பு மூன்று முறை காதில் விழுமே, அதேதான். ஒயரில் இந்த வம்பு கிடையாது. ஹால் பாட்டு காற்றில் பத்து மீட்டர் கடந்து வர 30 மில்லி வினாடிதான் தாமதம். அந்த அளவு பிந்தினால் காது இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் என்று 1949லேயே ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஆய்வேட்டில் எழுதிவைத்திருக்கிறார். மகனிடம் இதைச் சொன்னேன். அவன் காதில் இயர்போன் இருந்தது.

திரும்ப ஒயர். இந்தத் தடவை சுவரோரமாக, அரை அடிக்கு ஒரு கிளிப் அடித்து. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும் பாட்டு ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் நடந்து போனது. நான் பின்னாலேயே நடந்தேன், கும்பாபிஷேகம் பார்க்கிற பரவசத்தோடு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. புதன்கிழமை உப்புமாவில் உப்பில்லை.

வியாழக்கிழமை காலை சமையலறைப் பக்கம் நிசப்தம். ஒயரில் கோளாறோ என்று டெஸ்டரோடு ஓடினேன். ஹோம் தியேட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று, தோசையைத் திருப்பியபடி, எக்ஸ்பிரஸ் வேகத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று கையைக் காட்டினாள். அடுப்பைத் தணித்தாள். கரண்டியும் கையுமாக நடை முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். பானையில் காதை வைத்தாள்.

"ஆஹா! அவங்க இன்னும் இடுப்பையே தாண்டலைடா. நான் முழங்காலுக்கு வந்துட்டேன்!"