கண்மை மீசை

வா மாப்ள, திண்ணையில ஒக்காரு. போகிக்கு மொத நாளு பள்ளிக்கூடத்துல பொங்கல் விழாவாம்ல? எல்கேஜிப் பேரன் மேடை ஏறுறானாம். ஒங்க ஆத்தா சொல்லுச்சு. பென்னிகுவிக் வேசமாம்.

நல்லது. கம்பம் பள்ளத்தாக்குல பொங்கலுக்கு வேற யாரு வேசம் போடுவாய்ங்க? அந்தத் தொரை பொறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலும் அதை ஒட்டியே வருது. பாலார்பட்டியில வருசா வருசம் அவருக்குன்னே பொங்கல் வைக்கிறாங்க. லோயர் கேம்ப்புல மணிமண்டபமே இருக்கு.

கோட்டுக்குச் சின்னமனூர் டெய்லர்கிட்ட அளவு குடுத்துட்டியாமே? தொரை சொத்தை வித்துப் பெரியாறு அணையைக் கட்டுனாருன்னு ஊரே சொல்லுது, அதுக்குப் பத்திரம் எங்கன்னு கேக்குற ஆளும் இருக்கு. நீ கோட்டுக்காக வட்டிக்கு வாங்குன பத்திரத்தை நானே என் கண்ணால பாத்தேன்.

கெடக்கட்டும். புத்தி சொல்றேன், கேட்டுக்க.

மொத வரிசை நாற்காலியில விடியக்காலமே துண்டைப் போட்டு வச்சிரு, மடைத்தண்ணி முறைக்குக் காத்துக் கெடக்குற மாதிரி. பய மேடைக்கு வந்ததும் எந்திரிச்சு நின்னு போனை நல்லா உசத்திப் பிடி. ஒனக்குப் பின்னாடி ஏலத்தோட்டத்து ஜீப்புல ஏறாம, ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்து ஒரு பொம்பள ஒக்காந்திருக்கும். அதுக்கு அது மக தெரியணும்னு சட்டமா என்ன? ஒன் முதுகைப் பாத்துட்டுப் போகட்டும். நல்ல அகலமான முதுகுதான்.

வசனம் சொல்லிக் குடுக்குறதையும் ஜன்னல் வழியாக் கேட்டேன். "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தஞ்சுல அணையைக் கட்டி முடிச்சேன்." ஏப்பா, அந்த வருசம் ஒன் வாயிலயே ஒரே மூச்சுல வரல. நாலு வயசுப் பய "ஆயிரத்து எண்ணூத்தி"ன்னு ஆரம்பிச்சு, மூச்சு வாங்கி, "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு போயிட்டான். அணை கட்ட எட்டு வருசம் ஆச்சு. இவன் வருசத்தைச் சொல்லி முடிக்க அதைவிடக் கூட ஆகும் போல.

மேக்க போன பெரியாத்தை மலையைக் குடைஞ்சு கெழக்க திருப்பிவிட்டாரு தொரை. ஆனா ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற ஒம் மகனை இங்குட்டுத் திருப்ப மூணு டீச்சர் சேந்தாலும் ஆகாது. திரும்புனாத்தான் என்ன? கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்தி, கண்மையில வரைஞ்ச மீசை ஒதட்டுக்கு எறங்கியிருக்கும். நாக்கை நீட்டி ஒரு ஓரத்துல இருந்து பைய நக்கிப் பாப்பான். அப்புறம் மறு ஓரம். நீ கீழ நின்னு "அணை! அணை!"ன்னு கத்து. அவன் மீசையைத் தின்னு முடிச்சுட்டுத்தான் ஒன்னைப் பாப்பான்.

இப்ப முக்கியமான விசயம். பெரியாறு அணையில 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு 2014-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிருச்சு. பேரன் வயித்துல எத்தனை அடி தாங்கும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல. மருமக வேற, தெம்பா வசனம் பேசணும்னு பன்னீர் திராட்சை ஜூஸ் ரெண்டு டம்ளர் குடுக்கப் போகுதாம். நீர்வரத்து சாஸ்தி மாப்ள. மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஓரமாக் கூட்டிட்டுப் போயி மதகைத் தொறந்து விட்ரு.

என்ன சிரிப்பு? நீ ரெண்டாப்புப் படிக்கையில சுதந்திர தினத்துக்குக் கட்டபொம்மன் வேசம் போட்டியே, மறந்து போச்சா? ஜாக்சன் வேசம் போட்ட பய வரி கேட்டு ஒரு அதட்டு அதட்டுனான். அவன் கேட்டது வரி. நீ நின்ன எடத்துலயே வேற ஒண்ணைக் குடுத்துட்ட. அட்டைக் கத்தியும் அதுல நனைஞ்சு வளைஞ்சு போச்சு. ஒன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி வாய்க்கால்ல கழுவுனவன் நான். அன்னிக்குப் போன் இல்லாதது நீ செஞ்ச புண்ணியம்.

சரி, நானும் வாரேன். கடைசி வரிசையிலதான் இருப்பேன். மஞ்சப்பையில ரெண்டு டவுசர் மடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு பேரன் அளவு. இன்னொண்ணு கொஞ்சம் பெருசு, ஒனக்குச் சரியா இருக்கும்னு ஒங்க ஆத்தாதான் எடுத்துக் குடுத்துச்சு.