தவளைக்கால் சவ்வியல்: இரண்டு மதிப்பெண் விடைக்கு ஒரு மறுப்புரை

தவளையின் வாயைப் பற்றிப் பழமொழி இருக்கிறது. அது குடியிருக்கும் கிணற்றைப் பற்றியும் இருக்கிறது. அதன் பாய்ச்சலை நன்னூலே எடுத்துக்கொண்டு, சூத்திரங்கள் இடைவிட்டுத் தொடர்புகொள்ளும் முறைக்குத் ‘தவளைப் பாய்த்து’ என்று சொல்லி வைத்திருக்கிறது. இத்தனையும் கவனித்த தமிழுலகம் பாய்கிற பாதத்தை மட்டும் குனிந்து பார்க்கவில்லை. பிறகு வந்த பள்ளிக்கூட அறிவியல் குனிந்தது. குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தும்விட்டது. “தவளையின் விரலிடைச் சவ்வு நீந்த உதவுகிறது.” இரண்டு மதிப்பெண். தலைமுறை தலைமுறையாக இதை எழுதித்தான் தேறி வந்திருக்கிறோம். இவ்விடை குன்றக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். சவ்வின் பெருமை விரிவதில் பாதி, மடங்குவதில் பாதி என்பது இவ்வாசிரியன் துணிபு.

முதலில் பொருளின் இலக்கணம். தவளைக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. சவ்வு பெரும்பாலும் பின்னங்காலுக்குரியது. ஐந்தில் நான்காம் விரல் நெட்டை. சவ்வு எவ்வளவு தாராளமாகத் தொடங்கினாலும் பல இனங்களில் அதன் நுனியை எட்டுவதற்குள் தீர்ந்துபோகும். எந்த விரலில் எத்தனை எலும்புக்கணு சவ்வுக்கு வெளியே நிற்கிறது என்று எண்ணி வாய்பாடாக எழுதும் முறையை சாவேஜ், ஹெயர் என்னும் இருவர் 1967-இல் வகுத்தார்கள். அது போதாதென்று 1982-இல் மையர்சும் டியூல்மனும் திருத்தினார்கள். விரலின் இந்தப் பக்கத்துக்கு ஓர் எண், அந்தப் பக்கத்துக்கு ஓர் எண், வேண்டுமானால் ஓர் அரை. படித்துப் பார்த்தால் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியதுபோல் இருக்கிறது. இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு கண்டிப்பு கண்டு இவ்வாசிரியனுக்குப் பொறாமை வந்ததை மறைப்பதற்கில்லை.

இனி, நீந்துதலே பயன் என்பார் கட்சி. அவர்கள் குளத்துத் தவளையைச் சாட்சிக்கு அழைப்பர். அழைக்கட்டும். படித்துறையில் காலை வைத்த மறுகணம் நீரின் மேலேயே தத்தித் தத்திப் போகுமே, 1799-இல் ஷ்னைடர் பெயர் சூட்டிய அந்த இனம்தான். விரல் நுனிவரை சவ்வு உள்ள தவளை அது. கொஞ்ச தூரம் போய், கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே வைத்து, பின்னங்கால்களை அகல விட்டு மிதக்கும். மறுபடி அது உதைக்கும்போது உற்று நோக்குக. கால் நீள்கிறது, விரல்கள் அகல்கின்றன, சவ்வு விறைக்கிறது, தண்ணீர் பின்னே தள்ளப்படுகிறது, உடம்பு முன்னே போகிறது. இதுவரை விடைத்தாள் சரி.

ஆனால் நீட்டிய காலைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டுமே? விரித்த சவ்வோடு இழுத்தால் அதே தண்ணீர் அதே தவளையைப் பின்னுக்குத் தள்ளும். பாவம், உதைத்து உதைத்தும் ஆயுள் முழுக்க அந்தப் படித்துறையிலேயே கிடக்க நேரும். அதனால் இழுக்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சவ்வு மடிந்து ஒளிந்துகொள்கிறது. பாதம் குச்சியாகி நீரைக் கிழித்து வருகிறது. அதாவது, நீந்துகிற நேரத்தின் ஒரு பகுதியில் சவ்வு இல்லாததுபோல் இருப்பதுதான் நீந்த உதவுகிறது. இதை எழுதிய மாணவருக்கு யாரும் மதிப்பெண் போட்டதாகத் தெரியவில்லை.

சவ்வு எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வினா எழும். மனிதக் கருவிலும் விரல்களுக்கு நடுவே திசு உண்டு. அந்தச் செல்கள் உரிய காலத்தில் செத்து வழிவிடுவதால்தான் நமக்கு விரல் பிரிகிறது. தவளைக் குஞ்சில் பொதுவாக இந்தச் சாவு நடப்பதில்லை. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க நகத்தவளையின் தலைப்பிரட்டைகளை ஆக்சிஜன் மிகுந்த நீரில் வளர்த்தபோது அங்கும் செல்கள் சாகத் தொடங்கின. காற்றுப் பட்டால் விரல் பிரியும் போலிருக்கிறது.

அடுத்து ஆகாயம். 1855-இல் போர்னியோவின் சரவாக்கில் இருந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸிடம் ஒரு சீனத் தொழிலாளி பெரிய மரத்தவளை ஒன்றைக் கொண்டுவந்தார். உயர்ந்த மரத்திலிருந்து அது சாய்வாகப் பறந்து இறங்கியதைத் தாம் கண்டதாகச் சொன்னார். வாலஸ் அளந்தார். உடம்பு சுமார் 4 அங்குலம். நான்கு பாதமும் விரிந்தால் சவ்வுப் பரப்பு சுமார் 12 சதுர அங்குலம். தவளை இன்று வாலஸின் பறக்கும் தவளை என்று வழங்குகிறது. கண்ணால் கண்டவர் வெறும் சீனத் தொழிலாளியாகவே நின்றுவிட்டார். ஆய்வுலகில் சவ்வைவிட நன்றாக மடங்குபவை சில உண்டு. நம் ஆனைமலைக் காட்டிலும் இதற்கு உறவு இருக்கிறது: மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1870-இல் விவரித்த மலபார் சறுக்குத் தவளை. பச்சை உடம்பு, செம்மஞ்சள் சவ்வு. உட்கார்ந்திருக்கும்போது அந்த நிறம் பெரும்பாலும் மறைந்தே கிடக்கும்; தாவினால்தான் தெரியும். முட்டையிடும் காலத்தில் இதே பின்னங்கால்கள் நுரை அடிக்கும் மத்தாகி, நீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக்கூடு கட்டும். நீந்தவா உதவியது?

இதற்கும் மேலே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நடனத் தவளைகள் இருக்கின்றன. 2014-இல் எஸ்.டி. பிஜு குழுவினர் இவற்றில் 14 புதிய இனங்களை ஒரே மூச்சில் அறிவித்தார்கள். ஓடை இரைச்சலில் கத்தினால் மட்டும் காரியம் ஆகாது. ஆகவே ஆண் தவளை பாறையில் நின்று ஒரு பின்னங்காலை நீட்டி, விரல்களை அகட்டிச் சவ்வைக் கொடி பிடிக்கிறது, உடனே மடக்கிக்கொள்கிறது. பெண்ணுக்கு அழைப்பு, பக்கத்துப் பாறைக்காரனுக்கு எச்சரிக்கை. கட்சிக் கொடிக்கும் இந்த இரண்டு வேலைதான்.

அற்றேல், சவ்வு இத்துணைச் சிறப்பிற்றாயின் வளை தோண்டும் தவளைக்கு அது அருகியது என்னை எனின், மண்ணில் அகன்ற தோல் இடைஞ்சல் என்க. அதற்குக் குதிகாலருகே மண்வெட்டி விளிம்புபோல் ஒரு கடினப் புடைப்பு அமைந்திருக்கிறது. அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளி, முகம் நம்மைப் பார்த்திருக்க, பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கும்.

ஒழிபு. மனிதனும் சவ்வுக்கு ஆசைப்பட்டான். சிறுவன் பெஞ்சமின் பிராங்க்ளின் கைக்கு மரப்பலகைத் துடுப்பு செய்து நீந்தினார். காலுக்குச் செய்த செருப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை. 1933-இல் பிரான்சின் லூயி த கோர்லியு ரப்பர் துடுப்புக்காலுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று முக்குளிப்பவர் எல்லாரும் மாட்டுகிறார்கள். அதற்கு எல்லாம் உண்டு. விரல்களைச் சேர்த்து மடக்கும் வசதி மட்டும் இல்லை. அதனால் கரையில் அதை மாட்டிக்கொண்டவர் முன்னே அடி எடுத்து வைத்தால் தடுக்கி விழுவார். கடலுக்கு முதுகைக் காட்டி, பின்னாலேயே நடந்துதான் தண்ணீரில் இறங்க வேண்டும்.