கேரியரா, பையா: எது முதலில்?

கேள்வி: பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக ஏற்காட்டுக்குச் சைக்கிளில் போகப் போகிறேன். முதுகுப் பை வேண்டாம் என்கிறார்கள். கேரியர், பக்கப் பைகள் இரண்டில் எதை முதலில் வாங்குவது?
- ஒரு வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: சுவர் இருந்தால்தான் சித்திரம், கேரியர்தான் முதலில். அதற்கும் முன்னால், குனிந்து உங்கள் சைக்கிளைப் பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் மரைத் துளை இருக்கிறதா? இருந்தால் அங்கே போல்ட் போட்டுப் பூட்டும் அலுமினியக் கேரியர் வாங்குங்கள். பல 25 கிலோ வரை தாங்கும். சீட் கம்பியை மட்டும் கவ்விப் பிடிக்கும் வகைக்குப் பெரும்பாலும் 10 கிலோவிலேயே மூச்சு வாங்கும். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால், பிரேக்கில் இடிக்காத கேரியராகக் கேட்டு வாங்குங்கள்.

பைக்கு மழைதான் பரீட்சை. ஜெர்மனியின் ஹார்ட்முட் ஆர்ட்லீப் லாரி தார்ப்பாயில் சைக்கிள் பை தைத்துத்தான் 1982-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். நீங்களும் தண்ணீர் புகாத துணியில், வாயைச் சுருட்டி மூடும் பையாகப் பாருங்கள். கனமான சாமான் அடியில் இருக்கட்டும். இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால், பையைச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு கிலோவும் உங்களிடம் கணக்குக் கேட்கும். ஆகவே சாமான்களைப் பரப்பிவைத்து, பாதியை வீட்டிலேயே விடுங்கள். புறப்படுமுன் கேரியர் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்குங்கள். சேலத்தில் இன்னொரு முறை.