மழைதானே என்று இறங்கியவர்கள்

பனி கொட்டினால் கனடாக்காரர் கலங்குவதில்லை. முழங்கால் உயரத்துக்கு விழுந்தாலும், பக்கத்து வீட்டுக்காரரோடு ஹாக்கி பேசிக்கொண்டே வழித்துத் தள்ளிவிடுவார். வானிலை அறிவிப்பில் 'ஃப்ரீஸிங் ரெயின்', அதாவது உறைமழை, என்று காதில் விழுந்தால்தான் முகம் மாறும். வாசலில் தூவ உப்பு மூட்டை வாங்கக் கடைக்கு ஓடுவார்.

புதிதாக வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்தப் பதற்றம் விளங்காது. மாரியில் பார்க்காத மழையா? குடையை விரித்துக்கொண்டு படியில் கால் வைப்பார். அடுத்த கணம் குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. இந்த மழையே ஒரு மாறுவேடக்காரன். மேகத்திலிருந்து பனித்துகளாகத்தான் கிளம்புகிறது. வழியில் வெப்பக்காற்று அடுக்கொன்றில் உருகித் துளியாகிறது. தரையை ஒட்டி மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிர்காற்று. அந்த அடுக்கு தடிப்பாக இருந்தால் துளி நடுவானிலேயே உறைந்து மணிமணியாக விழும்; தலையில் குட்டினாலும் சொல்லிக் குட்டுகிற ரகம். மெல்லியதாக இருந்தால் உறைய அவகாசம் கிடைப்பதில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே இறங்கி, கார்க்கதவு, மரக்கிளை, மின்கம்பி, படிக்கட்டு என்று தொட்டதன்மேல் எல்லாம் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது.

இப்படிப்பட்ட நாளில் பெங்குவின்போல நடக்கச் சொல்கிறார்கள்: பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, சின்னச் சின்ன அடியாக, சற்று முன்சாய்ந்து. நல்ல யோசனைதான். பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டு மாட்டிக் கோயிலுக்குப் புறப்பட்ட அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்க்கும் துணிச்சல் யாருக்கு உண்டு?

2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, டொராண்டோவில் பெய்த உறைமழையில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் செத்துப்போயின. அங்கே தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ பகுதிக்குப் பலத்த அடி. யுத்தகாலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்களுக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. ஆனால் ஊரில் கரண்ட் போனால் வியர்க்கும். இங்கே பல் தந்தியடிக்கும். பிரிட்ஜ் ஓடாததைப் பற்றி மட்டும் கவலையில்லை, பால்கனியே பிரிட்ஜ்தான்.

இதற்கெல்லாம் பெரியண்ணன் 1998 ஜனவரியில் கியூபெக்கை உலுக்கியது. சில இடங்களில் 100 மில்லிமீட்டர்வரை உறைமழை. சென்னைக்கு அது ஒரு சாயங்கால மழை; அங்கே அந்தப் பாரத்தில் ஆயிரம் இரும்புக் கோபுரங்கள் மடிந்து விழுந்தன. ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் காணாத வீடுகளும் உண்டு. உதவிக்குப் பல்லாயிரம் ராணுவத்தினர் வந்தனர்.

மொன்றியலுக்கு அருகே பூஷேர்வில் நகரத்தார் ராணுவத்தோடு நிற்கவில்லை. நகராட்சிக் கட்டடத்துக்கு மின்சாரம் வேண்டுமென்று டீசல் ரயில் எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்திலிருந்து இறக்கித் தெருவிலேயே ஓட்டிவந்தார்கள். ஊரில் அத்தனை வாகனமும் சறுக்கிக்கொண்டிருந்த வாரத்தில், இரும்புச் சக்கரம் தாரைக் கீற நேராகப் போனது அது.