குருவி மாஸ்டர்

திருகோணமலையில் புள்ளிமான் ரோட்டில் திரியும். பஸ் ஸ்ராண்டடியில் குப்பைக்குள் தலையை விட்டபடி நிற்கும் மானைச் சுற்றிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறுவோமே தவிர, ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மின்கம்பியை அண்ணாந்து பார்த்தபடி நின்றால் அவர் குருவி மாஸ்டர். பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு ஒரு கையை உயர்த்திக் காட்டுவார். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் போடாதே என்கிறார்.

குருவி மாஸ்டர் என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர் அல்ல. அது ஓர் இனம். உவர்மலையில் ஒருவர் இருப்பார், பாலையூற்றில் ஒருவர், நிலாவெளிப் பக்கம் இன்னொருவர். பெரும்பாலும் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். அபூர்வமாகக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவரும் அகப்படுவார். இவர்கள் சேர்ந்து பறவைகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் வைத்திருப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் உண்டு. உறுப்பினர்தான் தட்டுப்பாடு. பொருளாளருக்குப் பொருளும் தட்டுப்பாடு.

வியாதி தொற்றிய இடம் அநேகமாகக் கொழும்பு. இலங்கைப் பறவைக் கழகம் 1943இல் தொடங்கியது. அதற்குப் பிறகு, 1976இல், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பறவையியல் களக்குழு உருவானது. பேராசிரியர் சரத் கொட்டகம வளர்த்தெடுத்த அமைப்பு. ஏதோ ஒரு ஆசிரியர் கருத்தரங்குக்குப் போன இடத்தில் இப்படியொரு குழுவின் பேச்சை மாஸ்டர் கேட்டிருப்பார். திரும்பி வரும்போது கையில் ஜி. எம். ஹென்றியின் 1955ஆம் ஆண்டுப் பறவை வழிகாட்டி, கழுத்தில் பைனாகுலர். புத்தகத்தின் முதுகில் இப்போது பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. பைனாகுலரைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவதாகக் கேள்வி.

மீன் வாங்க அனுப்பினால் மாஸ்டர் கடைசியாகப் பார்ப்பது மீனைத்தான். சந்தைக்கு மேலே செம்பருந்து வட்டமடிக்கும். அது முழு வளர்ச்சியடைந்ததா, தலையும் நெஞ்சும் வெள்ளை வைக்காத குஞ்சுப் பருவமா என்று தீர்மானித்து முடிக்கும்போது நல்ல பாரை போய்விடும். “பருந்து கொண்டுபோன மீன் எண்டாலும் புதுசா இருந்திருக்கும்” என்பார் அவருடைய மனைவி. அந்த அம்மா எந்தப் பறவையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாமே “இந்தச் சனியன்கள்” என்ற ஒரே குடும்பத்தில் அடங்கும்.

துறைமுகப் பட்டினத்தில் பைனாகுலர் வைத்திருப்பது ஒரு தனி அனுபவம். உட்துறைமுக வீதியில் நின்று மாஸ்டர் கடலைப் பார்ப்பார். ஓர் இளம் காவலாள் வந்து எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்பார். “கடற்கழுகு தம்பி. வயிறு வெள்ளை.” எங்கே? மாஸ்டர் மகிழ்ச்சியோடு கையை நீட்டிக் காட்டுவார். பார்க்கக் கூடாத அத்தனைக்கும் நடுவில், பார்க்கக் கூடாத ஒரு கம்பத்தின் உச்சியில் அந்தக் கழுகு குந்தியிருக்கும். பிறகு அடையாள அட்டை, விலாசம், விளக்கம். விளக்கம் கேட்ட பாவத்துக்கு அந்தக் காவலாள் கடற்கழுகு கூடு கட்டும் முறை முழுவதையும் கேட்டாக வேண்டும். மாஸ்டரைப் போகச் சொல்லிக் கெஞ்சுவது கடைசியில் அவர்தான்.

ஜனவரியில் மாஸ்டருக்குத் திருவிழா. நாடெங்கும் நீர்ப்பறவைகளை எண்ணும் மாதம் அது. நிலாவெளி உப்பளத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரியூசனை விட்டுப் பிள்ளைகள் வருவது சும்மாவா? அதற்கு முந்திய வாரமே தாய்மார் கேட்டுவிடுவார்கள்:

“சேர், இது ஸ்கொலசிப்புக்கு வருமோ?”

“வராது” என்று உண்மையைச் சொல்வார் மாஸ்டர். செயலாளர் பாய்ந்து விழுந்து, “சுற்றாடல் பாடத்துக்கு நல்ல உதவி அம்மா, சேட்டிபிக்கேட்டும் இருக்கு” என்று சமாளிப்பார். அந்தச் சொல்லுக்குத்தான் பஸ் நிறைகிறது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆயிரம் உள்ளான் நிற்கிற இடத்தில் ஒன்று, இரண்டு என்று போனால் முடியாது. பத்தை எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவைக் கூட்டம் முழுக்க அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மாஸ்டர் இதைக் குசுகுசுத்த குரலில் விளங்கப்படுத்தி, பவளக்கால் உள்ளான்களின் மேல் பத்துப் பத்தாக விரலை நகர்த்தி, எழுநூற்றைத் தாண்டும் நேரத்தில் கரையால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும். வெண்மையும் கருமையுமாக அத்தனையும் எழும்பும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவர்கள் வந்ததே இதைப் பார்க்கத்தான். மாஸ்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “திரும்ப இருக்கும். இருந்தவுடன முதல்ல இருந்து” என்பார். அதற்குள் காகம் ஒன்று யாருடைய பையிலிருந்தோ முட்டை ரோலைத் தூக்கிவிடும். பிற்பாடு பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளில் உள்ளானுக்கு ஒரு வரி, அந்தக் காகத்துக்கு ஒரு பக்கம்.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவரிடம் மாஸ்டர் ஒருமுறை மாட்டிக்கொண்டார். “இஞ்ச ஆலா எத்தினை வகை வரும் அண்ணை?” என்று கேட்டார். அவர் நிமிரவேயில்லை. “நாங்கள் ஆலாவைப் பாக்கிறேல்ல சேர். ஆலா எங்க விழுகுதெண்டு பாப்பம். அதுக்குக் கீழ மீன் நிக்கும்.” மாஸ்டர் அதையும் கொப்பியில் குறித்துக்கொண்டார். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லையாம்.

புறாத்தீவுக்குப் போவது இதைவிடக் கூத்து. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாகிய இடம். தீவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே அங்குள்ள பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்கள்தான். நகரத்துக் கூரைகளில் திரிகிற, நாம் கூட்டில் வைத்து வளர்க்கிற புறாக்களெல்லாம் இந்தக் காட்டுப் புறாவின் வழிவந்தவைதான். இதெல்லாம் யாருக்கு வேண்டும்? படகில் வருகிற அத்தனை பேரும் முகமூடியை மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கும் சுறாவுக்கும் தண்ணீருக்குள் தலையைக் கவிழ்க்கிறார்கள். முதுகு சிவக்கச் சிவக்க மிதக்கும் அந்தக் கூட்டத்தின் நடுவே மாஸ்டர் ஒருவர்தான் சப்பாத்தோடு நின்று பாறை இடுக்கை அண்ணாந்து பார்ப்பார். படகுக்காரருக்குப் பொறுக்காது. “சேர், ரிக்கெற் எடுத்து, படகுக்கும் காசு குடுத்து வந்து புறாவையோ பாக்கிறீங்கள்? எங்கட வீட்டுக் கூரையில இருக்கே!” புறாத்தீவில் புறா பார்ப்பவரைப் பைத்தியக்காரராகப் பார்க்கும் நிலைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது வேறு ஆராய்ச்சி.

இனி, பொதுக்கூட்டம். ஒக்ரோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். சங்கம் ஒரு மண்டபம் பிடிக்கும். மாஸ்டர் ஆற்றும் உரையின் தலைப்பு “வலசைப் பறவைகளும் நாமும்”. எங்கள் ஊரில் எந்த உரைக்கும் தலைப்பின் பின்பாதி “நாமும்” தான். நீரிழிவும் நாமும், நாவலரும் நாமும். அழைப்பிதழில் மாலை மூன்றரை என்று இருக்கும். நாலரைக்கு மங்கல விளக்கு ஏற்றுவார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. சிறப்பு விருந்தினர் வேறொரு கூட்டத்திலிருந்து வந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகிற வழியில் ஏறி, “கொக்குகளைப் பாருங்கள், எத்தனை ஒற்றுமை! மனிதன் அவற்றிடம் படிக்க வேண்டும்” என்பார். பின்வரிசையிலிருந்து மாஸ்டரின் குரல் வரும்: “அதுகள் கூட்டமா நிண்டாலும் ஒவ்வொண்டும் தன்ர மீனைத்தான் பாக்குது.” மாஸ்டருக்கு உலக நடப்பு தெரியாது என்று யார் சொன்னது?

புரொஜெக்டர் ஒருவழியாகக் கண் விழித்ததும் வரைபடம் விழும். இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் வெறும் கடல். வடக்கிலிருந்து இந்தக் கரையோரமாக இறங்கி வருகிற குருவிகளுக்கு இதுதான் கடைசி பஸ் ஸ்ராண்ட். இதற்கு அப்பால் இறங்க இடமில்லை. மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிய மேகா என்ற கடற்காகம் ரஷ்யாவின் வடகோடியில் யமால் தீபகற்பம் வரை போன பாதையைக் காட்டுவார். “விசா இல்லாமலோ?” என்று யாரோ கேட்பார். எந்த வருடமும் யாரோ கேட்டே தீருவார். மண்டபமே சிரிக்கும், பாதிப்பேரின் பிள்ளைகள் கனடாவில். மாஸ்டர் மட்டும் சிரிக்கமாட்டார்.

அடுத்து அவருடைய பெருமைப் படம். வின்சென்ற் லெக். பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி, திருகோணமலையிலும் கடமையாற்றியவர், இலங்கைப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய பெரும் நூல் 1880இல் நிறைவுற்றது. “எங்கட ஊரில திரிஞ்சு குறிப்பெடுத்த மனுசன்!” என்று மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்துவார். முன்வரிசைச் சிறுமி கையைத் தூக்குவாள்.

“சேர், அந்தக் காலத்தில பைனாகுலர் இருந்ததோ?”

“பெரிசா இல்லை மகள்.”

“அப்ப எப்பிடிக் கிட்டப் பாத்தவர்?”

மாஸ்டர் தண்ணீர் குடிப்பார். அந்தக் காலத்துப் பறவையியல் துவக்கால் நடந்தது என்பதை ஒன்பது வயதுக்கு எப்படிச் சொல்வது? “கிட்டப் போய்ப் பாத்தவர்” என்று முடித்துவிட்டு அடுத்த படத்தைப் போடுவார்.

கேள்வி நேரம் வந்தால் வலசை பற்றிய கேள்வி ஒன்றுகூட வராது. காகம் கரைந்தால் விருந்தாளி வருவது உண்மையா? சாக்குருவி கத்தினால் என்ன பரிகாரம்? தம்பலகாமத்திலிருந்து வந்த விவசாயி எழும்புவார்: “ஐயா, மயில் வயலை நாசமாக்குது. அடிச்சா முருகன் குற்றம், விட்டா வயித்துக் குற்றம். சங்கம் என்ன சொல்லுது?” கூட்டத்திலேயே நியாயமான கேள்வி இதுதான். சங்கம் ஒன்றும் சொல்லாது. குயில் பாடுவது ஆண்தான், பெண் குயிலுக்குத் தெரிந்ததெல்லாம் கிக் கிக் என்று கத்தவும் காகத்தின் கூட்டில் முட்டையிடவும்தான் என்று மாஸ்டர் போகிறபோக்கில் சொல்லியிருப்பார். அதற்காகவே காத்திருந்த தமிழ் ரீச்சர் எழும்புவார்.

“அப்ப பாரதியார்ர குயில் பாட்டு பிழையோ?”

“பாட்டில பொம்பிளைக் குயில் பாடலாம் ரீச்சர். மரத்தில பாடாது.”

இதில் இரண்டு தரப்பும் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

பேச்சாளர்களுக்குக் குறைவில்லாத ஊர் இது. மண்டபத்துக்கு வெளியே கடல் ஊருக்குள் வந்தாலும் உள்ளே கடல்வளம் பற்றிய உரை முடியாது. மாஸ்டரின் சாதி மட்டும் வேறு. சொல்லிக்கொண்டிருக்கும் சங்கதி நேரில் வந்துவிட்டால் சொல்வதை அந்த இடத்திலேயே போட்டுவிடுவார்.

ஒக்ரோபரில் அதுதான் நடக்கும். ஆறு மணி நெருங்கும் நேரம், நன்றியுரைக்காரர் தாளை விரித்திருப்பார். மண்டபத்தின் பின்பக்க மாமரத்தடியிலிருந்து இரண்டு சீழ்க்கை: வீ... திய்யு! மாஸ்டரின் கையிலிருந்த ரிமோட் மேசையில் விழும். “ஆறுமணிக் குருவி!” என்பார். இமயமலை அடிவாரத்திலிருந்து இறங்கி வருகிற குருவி. விடியலிலும் பொழுதுபடும்போதும் கத்துவதால் வந்த பெயர். வந்த களைப்பில் யன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. மாஸ்டர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவால் போவார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மார், கடைசியில் தமிழ் ரீச்சர். சருகுக்குள் கட்டை வால் ஆட, பச்சை முதுகும் நீலத் தோளும் அடிவயிற்றுச் சிவப்புமாக அது இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். வயலை மறந்து அந்த விவசாயியும் குந்தியிருந்து பார்ப்பார்.

உள்ளே நன்றியுரை நிற்கவில்லை. மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும், இறுதிவரை அமைதியாக இருந்து செவிமடுத்த சபையோருக்கும் நன்றி சொல்லப்பட்டது. நாற்காலிகள் அமைதியாகத்தான் இருந்தன. வெளியே ஒரு தாய் மெல்லிய குரலில், “சேர், சேட்டிபிக்கேட் எப்ப தருவீங்கள்?” என்றார். மாஸ்டர் ஒரு கையை உயர்த்தினார்.

அன்றைய கொப்பிப் பதிவை எட்டிப் பார்த்தேன். “ஆறுமணிக் குருவி: 1. நேரம் 5.52. இரை தேடியது. சிறப்பு விருந்தினர்: 1. சிறிது நேரம் தென்பட்டது, தங்கவில்லை.”