சுருக்குப்பையும் சுடுகருவியும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒரு வரி, துப்பாக்கி விசாரிப்பு மூன்று பக்கம். ஹூஸ்டனிலிருந்து வந்த சித்தி மகள் திண்ணையில் உட்கார்ந்து, "எங்க ஊர்ல ஆபீஸ் போற பொண்ணுங்க கோட்டுக்குள்ள துப்பாக்கி வச்சுக்கிட்டுத்தான் போவாங்க" என்று சொன்னாலும் சொன்னாள், அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது என்கிறாய். "அப்ப பினாங்கிலே இவ என்னத்தை வச்சுக்கிட்டுப் போறா?" என்று கேட்டு எழுதச் சொன்னாளாம்.

அம்மாவிடம் சொல், பேனாவும் கால்குலேட்டரும் வைத்திருக்கிறேன். இங்கே துப்பாக்கியை நான் பார்ப்பதெல்லாம் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் காவலாளி கையில்தான். உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம். அது போதாது என்று 1971-இல் இன்னொரு சட்டம் போட்டு, பதினாலு வருஷம் வரைக்கும் நீட்டி, ஆறுக்குக் குறையாமல் பிரம்படியையும் சேர்த்தார்கள். கொள்ளையடிக்கப் போன இடத்தில் கொல்லும் நோக்கத்தோடு சுட்டால் தூக்குத்தான், நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது என்று இருந்ததை 2023-இல்தான் தளர்த்தினார்கள். பெண்களுக்குப் பிரம்படி கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு சலுகையை நம்பி நான் காரியத்தில் இறங்குவதாக இல்லை.

அத்தான் எழுதியிருக்கும் 'மடக்குக் கத்தி' யோசனையும் வேண்டாம். பொது இடத்தில் காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்குக் குறையாது. போலித் துப்பாக்கிக்குக்கூட ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆகையால் தீபாவளிக்குப் பலகாரத்தோடு பொட்டுவெடித் துப்பாக்கி எதையும் பிள்ளைகள் ஆசையாக உள்ளே திணித்துவிடாமல் பார்த்துக்கொள்.

சித்தி மகள் சொன்னது பொய்யில்லை. அவள் இருக்கிற டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத இருபத்தோரு வயது நிரம்பியவர் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப்போக உரிமமே வேண்டாம். நானும் அவளிடம் போனில் ஒரு மணி நேரம் கதை கேட்டேன். சட்டம் இடம் கொடுத்துவிட்டது, சட்டை கொடுக்கவில்லை என்பதுதான் அவள் புலம்பல். துப்பாக்கி உறை இடுப்பில் நிற்கத் தடித்த பெல்ட் வேண்டும். பெண்களின் பேண்ட்டில் பெல்ட் கோர்க்கிற வளையங்கள் பேருக்குத்தான், ஸ்கர்ட்டில் அதுவும் இல்லை. சரி என்று வயிற்றைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை கட்டினால் மேலே போடுகிற சட்டை ஒரு அளவு பெரிதாக வேண்டும், அதற்கு மேலே கோட்டும் நீளமாக வேண்டும். கோட்டையும் பொத்தான் போட்டு மூடினால் அவசரத்துக்குக் கை போகாது. திறந்து விட்டால் மேல் தட்டில் இருக்கிற கோப்பை எடுக்கக் கையைத் தூக்கும்போது மொத்த ரகசியமும் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். தொடையில் கட்டிக்கொள்வது சினிமாவில் மட்டும்தான் நடக்கும் என்கிறாள். நாலு தெரு நடந்தால் தோல் உரிந்துவிடுமாம்.

மிச்சம் இருப்பது கைப்பை. துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்த பைகள் அங்கே விற்கின்றன. அந்த அறையில் வேறு எதையும் போடக் கூடாது, சாவி போய் விசையில் மாட்டினால் கதை முடிந்தது. ஆனால் கைப்பை உடம்பில் ஒட்டியிருப்பதில்லையே. நாற்காலியில் தொங்கும், காரில் கிடக்கும், கடைத் தள்ளுவண்டியில் குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கும். 2014 டிசம்பரில் ஐடாஹோ மாநிலத்தில் அப்படித்தான் ஒரு கடையில், தள்ளுவண்டியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் பையிலிருந்த துப்பாக்கியைத் தொட, அது வெடித்துத் தாய் அங்கேயே செத்துப்போனாள். அந்தத் தனி அறை உள்ள பை அவளுக்குப் பரிசாக வந்தது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நம் நாட்டிலும் இந்த ஆசை வராமல் இல்லை. டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்காக என்றே 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் வெளியிட்டது ஞாபகம் இருக்கிறதா? எடை அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். அன்றைய விலைக்கு ஐந்து பவுன் வாங்கி மிச்சமும் பார்த்திருக்கலாம். அதை நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெண் என்றால் நகைப் பெட்டி என்று முடிவு செய்த அந்த அதிகாரி யாரோ, அவர் வீட்டம்மாவுக்கு என் அனுதாபம். பெட்டியை யோசித்தவர்கள் அதைப் புடவையில் எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை.

எனக்கு இதில் ஒன்றுதான் ஆத்திரம். ஆண்களுக்குக் கோட்டில் உள்பை, வெளிப்பை, பேண்ட்டில் நாலு பை. நமக்குத் தைக்கிற பேண்ட்டில் பை இருக்கிற மாதிரி ஒரு கோடு, பிரித்துப் பார்த்தால் அடியில் துணியே இல்லை. டெக்சாஸ் பெண்ணுக்கு ஆழமான, உறுதியான அறை ஒன்று வேண்டுமென்றால் துப்பாக்கி வாங்கினால்தான் தைத்துக் கொடுக்கிறார்கள், அதுவும் கைப்பையில். லிப்ஸ்டிக் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள்.

இங்கே எனக்கு மறைக்க வேண்டியது வேறு: பாஸ்போர்ட், போன், வங்கி அட்டை, கொஞ்சம் வெள்ளி, அதாவது ரிங்கிட். பயம் எல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிக்கிறவனிடம்தான். நீ படங்களில் பார்த்திருப்பாயே, ஜார்ஜ் டவுன் கடைவீடுகளுக்கு முன்னால் வளைவு வளைவாக நீளும் நடைபாதை? நம் ஆட்கள் அதை அஞ்சடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதில் ஒதுங்கியே ஊர் முழுக்கப் போய்விடலாம் என்றுதான் கட்டினார்கள். இப்போது அதில் ஒரு கடைக்காரர் மாவு மூட்டை அடுக்கியிருப்பார், அடுத்தவர் மேசை போட்டு மீ என்கிற நூடுல்ஸ் விற்பார், அதற்கடுத்து வரிசையாக மோட்டார்கள். நாம் இறங்கித் தார் ரோட்டில் நடக்க வேண்டும். திருடனுக்கு அதுதான் வசதி.

வண்டி எதிரே வரும் பக்கமாக நட, பையை ரோட்டுக்கு மறுபக்கத் தோளில் மாட்டு என்பது போலீஸ் அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் பழைய நகரத்தில் பாதித் தெரு ஒருவழி, அதில் மோட்டார்களுக்கு மட்டும் இருவழி. எதிரே வருவது எது, பின்னால் வருவது எது என்று பார்த்துப் பையை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தால் காவடி ஆட்டம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மட்டும்தான் என்று சொல்ல மாட்டாய். குறுக்கே மாட்டினால் நழுவாது, ஆனால் பறிக்கிறவன் பையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போவான். அப்படி விழுந்து தலையில் அடிபட்டு உயிரே போன பெண்கள் இந்த நாட்டில் உண்டு. இழுத்தால் விட்டுவிடு என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஆக, பையில் விட்டுவிடக் கூடியதை மட்டும் வை, விட முடியாததை உடம்பில் வை.

உடம்பில் எங்கே? எங்கள் ஆபீஸ் இதில் ஒரு பல்கலைக்கழகம். கோட்டுக்குள் ஒளிப்பது என்கிற டெக்சாஸ் பாடம் இந்தப் புழுக்கத்தில் செல்லாது, கோட்டு ஏசி அறைக்குள் மட்டும்தான் ஏறும். மலாய்த் தோழிகளுக்குக் கவலையே இல்லை. அவர்கள் போடும் பாஜு குரோங் முழங்கால் வரை தொளதொளவென்று விழும், உள்ளே சாரோங் இடுப்பில் ஒரு சிறு பை தொங்கினால் பிரம்மாவுக்கும் தெரியாது. சீனத் தோழி ஒருத்தி பேண்ட்டின் உள்பக்கம் ஜிப் வைத்துத் தைத்திருக்கிறாள். பணம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கழிவறைக்குப் போக வேண்டும். அதனால் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை, நாங்கள்தான் கொடுக்கிறோம். லிட்டில் இந்தியா பக்கம் நாணயமாற்றுக் கடையில் நம்மூர்ப் பெரியவர் ஒருவர் கைலி மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருக்கிறார், அறை அறையாக. மறைப்பு கிறைப்பு ஒன்றும் கிடையாது, ஆனால் அதை அவிழ்க்க எந்தத் திருடனுக்கும் கால் மணி நேரமாவது வேண்டும்.

தாக்குகிற ஆயுதம் எதுவும் வேண்டாமா என்று அம்மா கேட்பாள். சென்னையில் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போன காலத்தில் புடவைத் தலைப்பில் குத்திய ஊக்கை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது? அம்மாதானே. பின்னால் உரசுகிறவன் கையில் ஒரு குத்து, அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். இது நம் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கப் பெண்களும் தொப்பியில் செருகுகிற நீள ஊசியால் ட்ராமில் இதையேதான் செய்தார்கள். ஆண்கள் அலறிப்போய் 1910-இல் சிகாகோ நகரசபையில் ஊசி இவ்வளவுக்கு மேல் தொப்பியை விட்டு வெளியே நீட்டக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். கையை அடக்கச் சட்டம் போடத் தோன்றவில்லை!

கடைசியாக விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை அப்பாயியின் சுருக்குப்பையை ஞாபகத்துக்கு என்று எடுத்து வந்தேனே, அதை இப்போது தினம் இடுப்பில் செருகிக்கொண்டுதான் போகிறேன். பாஸ்போர்ட்டைத் தவிர எல்லாம் அடங்குகிறது. வெற்றிலை வாசம் இன்னும் போகவில்லை, என் வங்கி அட்டை பாக்கு மணக்கிறது. ஆபீஸில் இதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நம் தெரு தையல்காரம்மாவிடம் சொல்லி அரை டஜன் தைத்து வாங்கு. பாஸ்போர்ட் நுழைகிற அளவு இருக்கட்டும், கயிறு இரட்டையாக, நாடா மட்டமானது வேண்டாம். சீனத் தோழிக்குச் சிவப்பு, மலாய்த் தோழிகளுக்குப் பூப்போட்டது. கூலியில் பேரம் பேசாதே, இவர்களிடம் நான் வெள்ளியில் வாங்கிக்கொள்கிறேன்.

பார்சலில் சுங்கப் படிவத்தை நீயே நிரப்பு. 'துணிப்பை' என்று மட்டும் எழுது. அத்தானிடம் கொடுத்தால் அவர் அழகான கையெழுத்தில் 'பெண்களுக்கான மறைமுகத் தற்காப்புச் சாதனம்' என்று எழுதிவைப்பார், அப்புறம் நான் சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை மலாயில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அன்புத் தங்கை