மக்ரூன் பெட்டியும் முன்பின் தெரியாதோர் பேச்சும்: தூத்துக்குடியை முன்வைத்து ஒரு கள ஆய்வு

முன்னுரை: கல்லூரிகளில் குழுச் செயல்திட்டம் என்று ஒன்று உண்டு. குழுவுக்கு ஐந்து பேர். ஒருவர் வேலை பார்ப்பார், ஒருவர் பவர்பாயிண்ட் போடுவார், மீதி மூவர் நன்றியுரையில் இடம்பெறுவர். இவர்களுக்கு அண்மையில் வாய்த்திருக்கும் தலைப்பு, 'பொதுவிடங்களில் முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்தல்'. பூங்காவில் பெஞ்சு ஒன்றைத் தேர்ந்து, 'இங்கே உட்காருகிறவரோடு பேசலாம்' என்று அட்டை மாட்டுவது செயல்முறை. இங்கிலாந்தில் இத்தகைய பெஞ்சுகள் உள்ளன. நெதர்லாந்தில் யும்போ என்னும் பல்பொருள் அங்காடி, அவசரமில்லாதவர்கள் நின்று பேசியபடி பில் போட 2019-இல் தனிக் கல்லாவே திறந்தது. அந்த அட்டையைத் தூத்துக்குடி ரோச் பூங்காவில் மாட்டினால் என்ன ஆகும் என்பதே ஆய்வுச் சிக்கல். மாட்டி முடிப்பதற்குள், "அது என்னதுடே தொங்கவிடுத?" என்று பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்டுவிடுவார். திட்டம் அத்தோடு நிறைவுறும்.

கருதுகோள்: இவ்வூரில் பேசவைக்கத் திட்டம் வேண்டாம். நிறுத்துவதற்குத்தான் வேண்டும்.

ஆய்வு எல்லை: வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்நியர் சம்பந்தப்பட்டதே. எனினும் அவர்களோடு பேச்சு வளர்ப்பது அதன் நோக்கம் அன்று என்பதால் விலக்கப்படுகிறது.

முன்னாய்வுகள்: தெருவில் எதிர்ப்படுகிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்வதே நாகரிகம் என்ற நடப்பை எர்விங் காஃப்மன் 1963-இல் விளக்கினார். அவர் தூத்துக்குடிக்கு வந்திருந்தால், "பாத்துட்டும் பாக்காத மாரி போறாரு பாரேன்" என்ற பேச்சுக்கு ஆளாகியிருப்பார். சிகாகோ ரயில் பயணிகளிடம் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. சும்மா இருப்பதே சுகம் என்று பயணிகள் எண்ணினர்; பக்கத்து இருக்கைக்காரரோடு பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கோ பயணம் கூடுதல் இனிமையாக இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது முடிவை அன்று, பேசச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டியிருந்ததை.

வரலாற்றுப் பின்புலம்: முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் கடற்கரையில் ஒரு தற்காலிக ஊரே முளைக்கும். குளியாளிகள், தோணிக்காரர்கள், செட்டிமார், மரைக்காயர்கள், முத்துக்குத் துளை போடுகிறவர்கள் என எல்லாரும் கூடுவர். சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவருக்கும் தெரியாது, விட்டவருக்கும் தெரியாது. இந்நிலையில் பக்கத்தில் நிற்பவரிடம் வாய் கொடுக்காமல் யாரால் இருக்க முடியும்? இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. பேச்சு இன்னும் நடக்கிறது.

குளியாளியைச் சுறா அண்டாமல் மந்திரித்துக் காப்பவர் கடல்கட்டி. அவர் கடலில் இறங்குவதில்லை, ஆனால் பங்கு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, அந்தப் பங்கு இருபதில் ஒன்று என எழுதிவைத்தார். இன்றைய ஆய்வு நெறியாளர் கடல்கட்டியின் நேர் வாரிசு. மாணவர் மூச்சடக்கி முங்கி எடுத்துவரும் கட்டுரையில் முதல் பெயரே நெறியாளருடையது. பங்கின் அளவில் எழுநூறு ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த வளர்ச்சி தனி முனைவர்ப் பட்டத்துக்குரியது.

வகைப்பாடு: தூத்துக்குடிப் பேச்சிடங்கள் நான்கு.

அ. மீன் ஏலக்கூடம். கேட்கவே வேண்டாம், காதில் விழும்.

ஆ. தெருக்குழாயடி. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்து, கூடவே குடத்துக்குக் குடம் பேச்சையும் கொண்டுவந்தார்.

இ. பனிமய மாதா திருவிழா. ஆகஸ்ட் 5 அன்று நெரிசலில் காலை மிதித்தவரும் மிதிபட்டவரும் பேசியே ஆகவேண்டும்; பேச்சின் தரம் மிதியைப் பொறுத்தது.

ஈ. மக்ரூன் பெட்டி. இதுவே ஆய்வின் உயிர்நிலை.

இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பொருளோ நிகழ்ச்சியோ வந்தால் அவர்கள் முன்பே பழகியவர்போலப் பேசத் தொடங்குவர் என்று வில்லியம் வைட் 1980-இல் நியூயார்க் சதுக்கங்களை வைத்து எழுதினார். தெருவித்தைக்காரர், சிற்பம் என்று உதாரணம் தந்தார். பாவம், மக்ரூன் கிடைக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு மூன்றே சேர்ந்த கூம்பு அது. விரல் பட்டால் மேலோடு நொறுங்கும், காற்றுப் பட்டால் பிசுபிசுக்கும். கடைக்காரர் வெள்ளை அட்டைப் பெட்டியில் நிரப்பி, நூலைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்த அந்த நிமிடத்திலிருந்து வாங்கியவருக்கு நிம்மதி கிடையாது.

களம், இரவில் சென்னைக்குக் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ். பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்தால் கால் இடிக்கும். மேலே வைத்தால் இன்னொருவர் சூட்கேஸ் நசுக்கும். மடியில் வைத்தால் பாத்ரூம் போக முடியாது. ஆகவே எதிர்இருக்கை தெய்வமாகிறது.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. மக்ரூனு."

"வைங்க, வைங்க. சென்னைக்கா? அங்க யாரு இருக்கா?"

"மவ இருக்கா. ரெண்டாவது பேறுகாலம்."

இதற்குப் பின் மருமகன் வேலை, அவர் சொந்த ஊர், அந்த ஊரில் அண்ணாச்சியின் சகலை நடத்தும் இரும்புக்கடை ஆகியவை வெளிப்பட வாஞ்சி மணியாச்சி வரை போதும்.

மக்ரூன் பனுவலுக்கு மூன்று உரைமரபுகள் உள்ளன. மணியாச்சி உரைகாரர், 'பெட்டியைப் பிரிக்காதவரையே பேச்சு. பிரித்தால் பங்கு' என்பர். கோவில்பட்டி உரைகாரர் இதை மறுத்து, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தம்மூர்க் கடலைமிட்டாயை எடுத்து நீட்டி, 'உடையாத பண்டத்தால் உறவு உண்டாகாதா?' என வினவுவர் (பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கைப் படி, ஓரத்தில் காபி சிந்தியது). சாத்தூர் உரைகாரரோ இருதரப்புக்கும் சேவுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்து வழக்கை முடிப்பர். இவ்விடத்தில் ஒரு மேலடுக்குப் படுக்கைப் புலவர், நச்சினார்க்கினியர் பாட்டின் கடைசிச் சொல்லை முதல் அடியில் கொண்டுபோய் மாட்டுவதுபோல, மதுரைக்குப் பக்கம் எழுந்து மணியாச்சியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார் ('விளக்கணைத்தபின் எழுந்த இடைச்செருகல்', மூலம் போர்வைக்குள், பக்க எண் தெளிவில்லை). பன்னாட்டுக் கருத்தரங்குகளில் ஏழு நிமிடம் வாசிக்கப்படும் கட்டுரைகளைவிட இவருடைய வாதம் தொடர்ச்சியுள்ளது. அங்கே பன்னாடு என்பது பெரும்பாலும் ஜூமில் ஒலி வராத ஒருவர்.

முறையியல் இடர்ப்பாடு: சிகாகோ ஆய்வில் பேசாமல் உட்காரும் குழுவும் உண்டு. இங்கே அதை அமைக்க இயலாது. ஒருவர் வாய் திறக்காமல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தால், "ஏன் ஒருமாரியா இருக்கிய? உடம்புக்கு முடியலையா?" என்று கேள்வி வரும். ஒரு ஆச்சி மாத்திரை எடுப்பார், ஒருவர் பிளாஸ்க்கைத் திறப்பார். மௌனம் காப்பவரே பெட்டி முழுவதையும் பேசவைத்துவிடுவதால் தரவு கெட்டுப்போகிறது.

பரிந்துரை: அட்டையும் பெஞ்சும் தவிர்த்து, குழுவுக்கு ஒரு கிலோ மக்ரூன் வழங்குக. தின்பண்டம் ஆய்வுக் கருவியில் சேராது என்று நிதிப்பிரிவு கோப்பைத் திருப்பும். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி வைத்தால் மறுபடி திருப்பும். அதற்குள் மாணவர்கள் பட்டம் வாங்கியிருப்பார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளருக்கு மட்டும் அரைக் கிலோ தனிப் பெட்டியில் கட்டித் தருக. அதற்குக் கொட்டேஷன் கேட்கமாட்டார்கள்.